செப்டம்பர் ஐந்தாம் பக்கம்

செப்டம்பர் 21, ஞாயிறு. நீர்மட்டம் 115 அடி.

தேதிக்குப் பக்கத்தில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை எழுதுவது அவர் பழக்கம். கை தானாக எழுதிவிட்டது. எழுதியது இருக்கட்டும்.

இது என் வீட்டுக்காரருடைய டைரி. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கி, போன பங்குனியில் ஓய்வு பெற்ற மனுஷன். சங்கத்தில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரியில் மீன் பிடித்த கதையைத் தவிர வேறெதுவும் எழுத மாட்டார். நாலே விஷயம்: நீர்மட்டம், காற்று, மீன், சாப்பாடு. இடம் மிச்சமிருந்தால் வீட்டைப் பற்றி ஒரு வரி. பிப்ரவரி பத்தாம் தேதி இப்படி இருக்கிறது: "நீர்மட்டம் 109. காற்று தெற்கு. மீன்: கெளுத்தி மூன்று. சாப்பாடு: புளிசாதம், வடகம். மரகதம் புதுக் கண்ணாடி போட்டாள். ஜோராக இருக்கிறாள்."

ஜோராக இருக்கிறேனாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

செப்டம்பர் 4 வரை எழுதியிருக்கிறார். ஐந்தாம் தேதிப் பக்கம் வெறுமனே கிடக்கிறது. சாயங்காலம் வந்து கைகால் கழுவி, டீ குடித்துவிட்டுத்தான் எழுதுவார். அன்றைக்கு மதியமே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

நேற்றுப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. காலையில் மகள் தமயந்தி ஈரோட்டுக்குப் பஸ் ஏறினாள். வீடு காலியாகிவிட்டது. ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். பீரோவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இழுத்தேன், பிடிக்காமல் மறுபடி பழைய இடத்துக்கே தள்ளினேன். உட்கார்ந்தால் காலுக்குள் என்னவோ ஓடுகிறது. அதனால்தான் இதை எடுத்தேன். எழுதினாலாவது ஒரு இடத்தில் இருப்பேன் என்று பார்த்தால், இதுவரை மூன்று முறை எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள். 115 அடி.

பெருங்காய டப்பா குறையாமல் அப்படியே இருக்கிறது. தூண்டிலுக்குப் பெருங்காயம் போட்டு இரை பிசைய ஆள் இல்லை. எத்தனை வருஷம் இந்த டப்பாவை ஒளித்து வைத்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய். 114 அடி.

அவருடைய தூண்டில் பையைப் பிரித்தேன். முள் டப்பா, நரம்புச் சுருள்கள், தொப்பி, தக்கை ஏழு, பழைய துண்டு ஒன்று. துண்டில் இன்னும் தண்ணீர் வாடை இருக்கிறது. துவைக்கலாமா என்று வாளிவரை எடுத்துப் போனேன். துவைக்கவில்லை.

கம்பு இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவது, பச்சை நிறத்தில் ரீல் வைத்தது, காணவில்லை. அது தமயந்தி முதல் மாதச் சம்பளத்தில் வாங்கித் தந்தது. அதை எடுக்காமல் அவர் துறைக்குப் போனதே கிடையாது. பையைக் கொடுத்தனுப்பியது சவரிமுத்து. அப்படியானால் கம்பு யாரிடம் இருக்கும்?

சவரிமுத்து அண்ணனைப் பற்றி எழுத வேண்டும். கொளத்தூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. இவரும் அவரும் பண்ணவாடித் துறைக்கு மேற்கே அந்த வேலமரத்தடியில் இருபத்தாறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் போட்டவர்கள். என் வீட்டில் அவர் குடிக்காத டீ இல்லை. அப்படிப்பட்டவர், எடுத்த அன்றைக்கு வாசலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. காரியத்துக்கும் வரவில்லை. பையைக்கூட வேறொருவர் கையில்தான் கொடுத்தனுப்பினார். ஒரு கம்புக்காகவா இப்படி என்று நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

செப்டம்பர் 24, புதன். 114 அடி.

சரசு வந்தாள். இவருடைய ஒரே தங்கை. பக்கத்து ஊர்தான். வந்தால் அடுப்படிக்குள் நேராகப் போய் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பாள், அவளுக்கு அது பிறந்த வீட்டு உரிமை. இன்றைக்கு அலமாரியில் தூக்குப்போசியைப் பார்த்துவிட்டாள். அவர் தினமும் துறைக்குச் சோறு கொண்டுபோகிற மூன்றடுக்குப் போசி.

"இது அன்னைக்கு அண்ணன் கொண்டுபோன போசிதானுங்க அண்ணி?"

கழுவி வைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். உங்க கையால கட்டிக் குடுத்த சோத்தைத் தின்னுட்டுத்தான் போனாரு, அந்தக் குடுப்பினை யாருக்கு வாய்க்கும் என்றாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். முதலில் யார் கேட்டது என்று நினைவில்லை, "காலையில என்ன கட்டிக் குடுத்தீங்க?" என்று. புளிசாதம் என்று சொன்னேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் வேறென்ன சொல்வது? அது வாய்க்கு வாய் போய், ஊரெல்லாம் புளிசாதம் ஆகிவிட்டது.

முப்பதாம் நாள் படையலை எப்படிச் செய்வது என்று அவளே முடிவுசெய்துவிட்டாள். புரட்டாசி, அதிலும் சனிக்கிழமை, கவிச்சி கூடாது. மீன் வைக்க முடியாத குறைக்கு, அண்ணன் கடைசியாகச் சாப்பிட்ட புளிசாதத்தை அதே போசியில் வைக்க வேண்டும், அதை அண்ணிதான் செய்ய வேண்டும்.

சரி என்றேன்.

அவள் போன பிறகு போசியைத் தேய்த்தேன். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி. 113 அடி.

மூன்று வாரம் ஆகிறது.

மீன் பைத்தியம் என்று ஊர் சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பைத்தியம் வீட்டை ஒரு நாளும் விட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும். தமயந்திக்குப் பரீட்சை நடக்கிற நாட்களில் தூண்டிலைத் தொட மாட்டார். மீனை என்னிடம் கொடுத்துக் கழுவச் சொன்னதே கிடையாது. கிணற்றடியில் தானே உட்கார்ந்து செதில் தேய்த்து, மஞ்சள் போட்டு, துண்டு போட்டுத்தான் உள்ளே கொண்டுவருவார். புரட்டாசியில் பிடிக்கிற மீனை முள்ளைக் கழற்றித் திரும்பத் தண்ணீரிலேயே விடுவார். எதற்குப் பிடிக்கிறீர்கள், எதற்கு விடுகிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்.

அணையில் தண்ணீர் வற்றுகிற வருஷங்களில் முழுகிக் கிடந்த பழைய கோயில் நந்தி வெளியே தெரியும். அப்போதெல்லாம் எங்களை ஸ்கூட்டரில் அள்ளிக்கொண்டு போவார். தமயந்தியை நந்தி முதுகில் உட்காரவைத்து, நீ உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு மேல போன மாசம் கட்லா நீந்துச்சு என்பார். அவள் அண்ணாந்து பார்ப்பாள். மீன்கொத்தி எந்தப் பொந்தில் முட்டை வைத்திருக்கிறது, எந்த மேகம் பெய்யும், எது சும்மா போகும், எல்லாம் தெரியும். தன் தோள் எதற்கு வலிக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

போதும். கொடியில் துணி காய்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு. 113 அடி.

சைக்கிள் கடைக்குப் போனேன். கம்பை வாங்காமல் திரும்புவதில்லை என்றுதான் கிளம்பினேன். கடைக்கு முன்னால் நாலு சைக்கிள் டயர் இல்லாமல் கிடந்தன. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஆள் இல்லை. பக்கத்து டீக்கடை மாஸ்டரிடம் கேட்டேன்.

"அவரு இப்பல்லாம் கடையத் தொறக்கறதே இல்லீங்க. வெடிஞ்சா பண்ணவாடிக்குப் போயிடறாரு. தூண்டிலும் கொண்டு போறதில்ல. சும்மா உக்காந்துட்டு வர்றாரு."

அங்கிருந்து பண்ணவாடிக்கு மினிபஸ் வந்தது. கண் முன்னால்தான் வந்து நின்றது. நான் ஏறவில்லை. வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெயில் இல்லை. அன்றைக்குப் போசி துறைக்குப் போகவில்லை என்று தெரிந்த ஆள் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

செப்டம்பர் 29, திங்கள். 112 அடி.

தமயந்தி போனில் கேட்டாள். ஐந்தாம் தேதிக்கு மேட்டூரில் டாக்டருக்கு டோக்கன் போட்டிருப்பதாகச் சொன்னாயே, அப்பா ஏன் போகவில்லை என்று. அவள் குரலில் குற்றம் எதுவும் இல்லை, சும்மாதான் கேட்டாள். பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன்.

அடுப்பில் பாலே இல்லை. இப்போதெல்லாம் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

நடந்தது இதுதான். பத்து நாளாக இடது தோள் வலி. தூண்டில் வீசி வீசி வந்தது என்றார். நான் நம்பவில்லை. நானே போய் டோக்கன் போட்டேன், ஐந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு. நாலாம் தேதி ராத்திரி சாப்பிடும்போது, நாளைக்கு மேகம் நன்றாகக் கூடும், மீன் நன்றாக எடுக்கும், டாக்டரைத் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த மீனுங்களே உங்களுக்குச் சோறு போடட்டும் என்றேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

கோபத்தில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான்.

அக்டோபர் 1, புதன். 112 அடி.

சனிக்கிழமைக்கு ஒத்திகையாகப் புளி கரைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்தது. இன்றைக்குக் கடலைப்பருப்பு தீய்ந்து, உப்பு இரண்டு முறை விழுந்து, வாயில் வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் வாழை மரத்தடியில் கொட்டினேன்.

அக்டோபர் 2, வியாழன். 111 அடி.

மறுபடி செய்தேன். சரியாக வந்தது. போசியில் போட்டு மூடினேன். மூடின உடனே திறந்து கொட்டினேன்.

அக்டோபர் 3, வெள்ளி. 111 அடி.

ஏழு மணி மினிபஸ்ஸில் பண்ணவாடிக்குப் போனேன். கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

பரிசல்துறையிலிருந்து கரையோரமாகக் கொஞ்சம் நடக்க வேண்டும். வேலமரத்தடியில் சவரிமுத்து அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தட்டைக் கல். அதுதான் இவர் உட்காரும் கல் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது, அந்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். ஒரு மாதத்தில் முகம் ஒட்டிப்போய்விட்டது. வா அம்மணி என்றுகூடச் சொல்லவில்லை. துண்டை எடுத்து அந்தக் கல்லின் மேல் தட்டிவிட்டார். நான் அதில் உட்காரவில்லை, மண்ணில் உட்கார்ந்தேன்.

பச்சைக் கம்பு எங்கே என்றுதான் முதலில் கேட்டேன். வேறெதையும் கேட்க வாய் வரவில்லை.

அவர் தண்ணீரைக் காட்டினார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. தக்கை தண்ணீரில் இருக்கும்போது ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள், கூப்பிட மாட்டார்கள். ஒருவர் கம்பை மற்றவர் தொடவும் மாட்டார்கள். மீன் பயந்துவிடும் என்று தொடங்கியது, இருபத்தாறு வருஷத்தில் மரியாதையாகிவிட்டது. அன்றைக்கும் எட்டு மணிக்குத் தக்கையைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மேற்குக் காற்று. பத்து மணிக்குமேல் காற்று நின்று, தண்ணீர் அசையாமல் கிடந்திருக்கிறது. இவர் மரத்தில் சாய்ந்து, தொப்பி நெற்றியில் இறங்க, தக்கையையே பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் அவர் நினைத்திருக்கிறார்.

"பதினோரு மணி இருக்கும் அம்மணி. அவன் தக்கை ஒரே முழுக்கா முழுகுச்சு. பெரிய மீனு. கம்பு வில்லாட்டம் வளைஞ்சுது. எனக்கு அவன்மேல பொறாமையாக்கூட இருந்துச்சு. எழுந்திரிப்பான்னு பாக்கறேன், எழுந்திரிக்கல. கம்பு அப்படியே தண்ணிக்குள்ள இழுத்துட்டுப் போகுது, அவன் கைய நீட்டல. அப்பத்தான் கிட்டப் போனேன். கை சில்லுன்னு கெடந்துச்சு."

சொல்லிவிட்டு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தானோ, அரைமணி நேரமோ ஒரு மணி நேரமோ, பத்தடி தூரத்தில் நான் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றார். ஒரு தரம், சென்னி என்று இவர் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்குமே, உன் மூஞ்சியில் எப்படி முழிப்பேன் என்றார். வாசலில் நின்றதற்கும் காரியத்துக்கு வராததற்கும் இதுதான் காரணம். நான் ஒரு கம்பு போய்விட்டதென்று அவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அதற்கெல்லாம் மனசு இல்லை. எனக்கு வேண்டியது வேறு.

"அண்ணா, அன்னைக்கு அவரு சாப்பிட்டாரா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"சாப்பிட்டானே. வர்ற வழியில சந்தைக் கடையில நாலு இட்லி கட்டிட்டு வந்திருந்தேன். ரெண்டு குடுத்தேன். போசி எங்கடான்னு கேட்டதுக்கு, மரகதத்துக்கு ராத்திரி பூராத் தூக்கமில்ல, முட்டிவலி, இப்பத்தான் கண்ணசந்தா, எழுப்ப மனசு வரல, சத்தமில்லாம வந்துட்டேன்னான். இப்ப முட்டி எப்படி இருக்குது அம்மணி?"

பரவாயில்லை என்று சொன்னேன்.

வரும்போது மினிபஸ்ஸில் இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன். எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது, கை ஓடவில்லை. நாளைக்கு.

அக்டோபர் 4, சனி. 111 அடி.

விடியற்காலையில் சந்தைக் கடைக்குப் போய் இரண்டு இட்லி வாங்கிவந்தேன். இலையில் மடித்து, மேலே தினத்தாள் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்தார்கள். பிரிக்காமல் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

தமயந்தி முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். சரசு வடை, பாயசம், பொரியல் எல்லாம் இலை நிறையப் பரிமாறிவிட்டுப் போசியைத் தேடினாள். புளிசாதம் எங்கே அண்ணி என்றாள். செய்யவில்லை என்றேன். பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, கடை இட்லியையா அண்ணனுக்கு வைப்பீர்கள் என்று முகம் சிவந்தாள்.

சவரிமுத்து அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நேற்றே வரச் சொல்லியிருந்தேன். அவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"உங்க அண்ணன் கடைசியாச் சாப்பிட்டது இதுதான் சரசு. நான் அன்னைக்கு எதும் கட்டிக் குடுக்கல. கோவத்துல எந்திரிக்கல."

தமயந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவரிமுத்து அண்ணன் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார், முட்டிவலி என்பது இவர் சொன்ன சாக்கு என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சரசு திரும்பிக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். பதினைந்து நிமிஷமாவது இருக்கும். அவள் திட்டுவாள், அழுவாள், இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டாள் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு கற்பூரத் தட்டோடு நின்றேன். நூலைப் பிரிக்கப் பார்த்தேன், முடிச்சு இறுகிவிட்டது. அவளேதான் திரும்பிவந்து பொட்டலத்தை வாங்கி, நூலை அறுத்து, இரண்டு இட்லியையும் இலை நடுவில் வைத்தாள். என்னோடு பேசவில்லை. சாப்பிடாமலே ஊருக்குப் போனாள். மறுபடி எப்போது பேசுவாள் என்று தெரியாது.

தமயந்தி இரவு தங்குகிறாள். அவளிடம் டோக்கன் கதையையும் சொல்லிவிட்டேன். அவள் என் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிவிட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு. 110 அடி.

அன்றைக்கு விடியற்காலை ஐந்து மணி. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர் அடுப்படியில் ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து பார்த்துச் சத்தம் வராமல் மூடுவது கேட்டது. பிறகு அறைக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். ஃபேனைக் குறைத்தார். போர்வையை இழுத்து என் காலை மூடினார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். கூப்பிட்டால் எழுந்துகொள்ளலாம் என்று நான் காத்திருந்தேன். கூப்பிடவில்லை. வண்டி கிளம்பிப் போனது.

இதை எழுதிவிட்டுப் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். அவர் இடம் காலியாகவே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் எழுதுகிற மாதிரியே எழுதி நிரப்பிவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி. நீர்மட்டம் 118. காற்று மேற்கு, பத்து மணிக்குமேல் இல்லை. மீன்: பெரியது ஒன்று, கம்போடு போய்விட்டது. சாப்பாடு: சவரி கொடுத்த இட்லி இரண்டு. மரகதத்துக்கு முட்டிவலி இல்லை. விழித்துத்தான் இருந்தாள்.